நீலியும் எரினியரும்: இளம் மாணவர்க்கான தொன்ம ஒப்பீட்டில் அவையின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

கிரேக்கத் தொன்மங்களைத் தமிழ்நாட்டு மரபுக்கதைகளோடு ஒப்பிட்டு இளம் மாணவர்க்குக் கற்பிக்கும் முயற்சிகள் பெரும்பாலும் பாத்திர ஒப்புமையோடு நின்றுவிடுகின்றன. இக்கட்டுரை கன்னியாகுமரி மாவட்டத்தில் வில்லுப்பாட்டாக வழங்கும் கள்ளியங்காட்டு நீலி கதையை ஈஸ்கிலஸின் ஒரெஸ்டியா முந்நாடகத்தோடு ஒப்பிடுகிறது. இரண்டிலும் பழிவாங்கும் பெண்ணாற்றல் ஓர் அவையின் முன் வந்து நிற்கிறது. இரண்டிலும் ஒரு குழந்தை சான்றாகிறது. இரண்டிலும் அச்சம் தரும் உரு இறுதியில் வழிபாடு பெறுகிறது. எனினும் தவறாகத் தீர்ப்பளித்த அவை தன் தவற்றுக்குத் தானே பொறுப்பேற்பது நீலி கதையில் மட்டுமே நிகழ்கிறது. மாணவர்க்கான மறுகூறல்களும் தற்கால வெகுமக்கள் வடிவங்களும் இந்த அவையை நீக்கிவிடுவதால் கதையின் மையக் கேள்வி இழக்கப்படுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

குறிச்சொற்கள்: நீலி, இசக்கி, எரினியர், ஒரெஸ்டியா, வில்லுப்பாட்டு, நாஞ்சில் நாடு, ஒப்பிலக்கியம், கற்பித்தல்

1. முன்னுரை

அக்கிலீஸின் குதிகாலுக்குத் துரியோதனனின் தொடையையும், ஹெராக்ளிஸின் வலிமைக்குப் பீமனின் வலிமையையும் இணைகாட்டுவது தொன்ம ஒப்பீட்டில் பழகிப்போன முறை. இம்முறையைப் பின்பற்றினால் கையிலும் வாயிலும் குழந்தையுடன் நிற்கும் இசக்கியின் உருவத்துக்கு, பிறர் குழந்தைகளைத் தின்னும் கிரேக்க லாமியாவை இணையாகக் காட்டலாம். ஒப்புமை பொருந்தவே செய்யும். ஆனால் அதைக் கற்ற மாணவருக்கு லாமியா பற்றியோ இசக்கி பற்றியோ புதிதாக ஒன்றும் விளங்குவதில்லை. உருவங்கள் ஏன் அவ்வாறு ஆயின, அவை யாரிடம் என்ன கேட்கின்றன என்னும் வினாக்கள் தொடப்படாமலே இருந்துவிடுகின்றன.

இளம் மாணவர்க்கு எத்தகைய கதைகளைச் சொல்லலாம் என்பது பழமையான சிக்கல். பிளேட்டோ தம் ‘குடியரசு’ நூலின் இரண்டாம் பகுதியில் ஹோமர், ஹெசியட் ஆகியோரின் கதைகளை இளையோர்க்கு அப்படியே சொல்லுதல் ஆகாது என வாதிடுகிறார்; இரவில் தெய்வங்கள் உருமாறி அலைவதாகச் சொல்லித் தாய்மார் குழந்தைகளை அச்சுறுத்துவதையும் கண்டிக்கிறார். ஒரெஸ்டியா முந்நாடகத்தின் மூன்றாம் நாடகத்தில் எரினியர் மேடையேறியபோது குழந்தைகள் மயங்கி விழுந்தனர் என்னும் செய்தி ஈஸ்கிலஸின் பழைய வாழ்க்கை வரலாற்றில் இடம்பெறுகிறது. இது பிற்காலத்தார் புனைந்த கதையாகவும் இருக்கலாம். ஆயினும் பழிவாங்கும் பெண்ணுருவும் இளையோரின் அச்சமும் மிகப் பழங்காலத்திலேயே இணைத்துப் பேசப்பட்டன என்பதற்கு அது சான்றாகும்.

இக்கட்டுரையில் ‘இளம் மாணவர்’ என்பது உயர்நிலை, மேல்நிலை வகுப்பினரையும் கல்லூரி முதலாண்டு மாணவரையும் குறிக்கும்.

2. மாணவர்க்கெனச் சுருக்கப்பட்ட கிரேக்கம்

கிரேக்கத் தொன்மங்கள் இன்றைய மாணவரை வந்தடையும் வழி நேரானதன்று. நத்தானியல் ஹாதார்ன், சார்லஸ் கிங்ஸ்லி ஆகியோர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சிறுவர்க்கென எழுதிய நூல்கள் அவ்வழியைப் பெரிதும் தீர்மானித்தன. ஹாதார்ன் தம் இரு தொகுப்புகளிலும் பன்னிரண்டு கதைகளை மறுகூறல் செய்தார். மைதாஸ் அரசனின் கதையில் பொன்னாக மாறும் மகளை அவர் முதன்மைப்படுத்தினார். பண்டோராவை விளையாட்டுச் சிறுமி ஆக்கினார். கிங்ஸ்லியின் ‘வீரர்கள்’ (1856) பெர்சியூஸ், ஆர்கோ கப்பலோர், தீசியூஸ் ஆகிய மூன்று கதைகளைக் கொண்டது.

இவற்றில் இடம்பெறாதவை நோக்கத்தக்கன. அகமெம்னான் குடும்பத்தின் கதை இந்நூல்கள் எதிலும் இல்லை. அரக்கனை வெல்லும் வீரன், அரிய பொருளைத் தேடிச் செல்லும் பயணம் ஆகியவையே சிறுவர்க்குரிய தொன்மங்களாக நிலைபெற்றன. குடும்பத்துக்குள் நிகழும் கொலை, அதற்குரிய பழி, பழியை விசாரிக்கும் அவை ஆகியவை ‘பெரியவர்க்குரியவை’ என ஒதுக்கப்பட்டன. ஆகவே கிரேக்கம் என்றதும் மெதூசாவின் தலையை நினைவுகூரும் மாணவர், ஏதென்சின் அரியோபேகஸ் குன்றை நினைவுகூர்வதில்லை.

3. நாஞ்சில் நாட்டில் நீலி

நாஞ்சில் நாட்டில் நிலைமை வேறு. இங்கே கதை நூல்வழி மட்டும் வருவதன்று. கொடை விழாக்களில் வில், குடம், உடுக்கை, தாளம், கட்டை ஆகியவற்றின் துணையோடு இரவு முழுதும் நிகழும் வில்லுப்பாட்டின் வழியே அது சிறுவர், முதியவர் என்னும் வேறுபாடின்றி அனைவரையும் அடைகிறது. இம்மரபை விரிவாக ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், கொலையுண்டு தெய்வமானோர் கதைகளில் இறப்பு பாடப்படும் கட்டமே சாமியாட்டம் உச்சமடையும் கட்டமாக அமைவதைச் சுட்டியுள்ளார். அ.கா.பெருமாள் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இப்பகுதிக் கதைப்பாடல்களைத் தொகுத்தும் பதிப்பித்தும் வந்துள்ளனர். அவற்றுள் கள்ளியங்காட்டு நீலி கதை பரவலாக அறியப்பட்டது. கள்ளியங்காடு நாகர்கோவிலை அடுத்துள்ள ஊர்ப்பெயராக இன்றும் வழங்குகிறது. ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலோடு இக்கதை இணைத்துச் சொல்லப்படுகிறது.

கதையின் பொதுவான வடிவம் வருமாறு: தாசிகுலப் பெண்ணொருத்தியின் செல்வத்தைத் தன்வயப்படுத்திய கோயில் அந்தணன் ஒருவன், தன்னைத் தேடிப் பின்தொடர்ந்து வந்த அவளைக் கள்ளிக்காட்டில் உறங்கும்போது கல்லால் கொன்று அணிகலன்களைக் கவர்ந்து செல்கிறான். அவள் கள்ளிச்செடியைச் சாட்சியாக்கி இறக்கிறாள். அவளைத் தேடிவந்த தமையனும் உயிர் துறக்கிறான். கொலையாளியும் பாம்பு தீண்டி மாய்கிறான். மறுபிறப்பில் உடன்பிறந்தோர் இருவரும் சோழ அரசனுக்கு நீலன், நீலி என இரட்டையராகப் பிறந்து, இரவில் கால்நடைகளைத் தின்றதால் காட்டில் விடப்படுகின்றனர். நீலன் இறக்க, நீலி எஞ்சுகிறாள். கொலையாளி வணிகனாகப் பிறக்கிறான். அவன் பயணம் செல்கையில் கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, அவன் மனைவி எனத் தன்னைச் சொல்லிக்கொண்டு நீலி பின்தொடர்கிறாள். ஊரவையில் வழக்கு வருகிறது. அவை அவளை நம்பி வணிகனை அவளோடு ஓரிரவு தங்கச் செய்கிறது. விடியலில் அவன் பிணமாகக் கிடக்கிறான்.

இக்கதையின் மற்றொரு கிளை திருவாலங்காட்டை அடுத்த பழையனூருக்குரியது. திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகம் இந்நிகழ்ச்சியைக் குறிப்பிடுவதால் கி.பி. 7ஆம் நூற்றாண்டிலேயே இது அறியப்பட்டிருந்தது எனக் கொள்ளலாம். வணிகனின் உயிருக்குத் தம் உயிரைப் பிணையாகச் சொன்ன பழையனூர் வேளாளர் எழுபதின்மர், சொன்ன சொல் காக்கத் தீப்பாய்ந்தனர் என்பது அம்மரபு. தென்கோடியில் பாடப்படும் கதைக்கும் வடகோடியில் நினைவுகூரப்படும் கதைக்கும் பொதுவான அச்சு ஊரவையே.

4. இரு அவைகள்

ஒரெஸ்டியா கி.மு. 458இல் ஏதென்சில் அரங்கேறியது. திராய் நோக்கிக் கப்பல்கள் செல்லக் காற்று வேண்டித் தன் மகள் இபிஜீனியாவைப் பலியிட்ட அகமெம்னானை, அவன் மனைவி கிளிதம்னெஸ்ட்ரா கொல்கிறாள். மகன் ஒரெஸ்டஸ் தாயைக் கொல்கிறான். தாயின் ஆவி எரினியரை எழுப்பி ஏவுகிறது. மூன்றாம் நாடகத்தில் அதீனா தெய்வம் ஏதென்சின் குடிமக்களைத் தேர்ந்து அரியோபேகஸ் குன்றில் நீதியவை அமைக்கிறாள். அப்பல்லோ ஒரெஸ்டஸுக்காக வாதிடுகிறான். வாக்குகள் சமமாகின்றன, ஒரெஸ்டஸ் விடுதலை பெறுகிறான். சினந்த எரினியரை அதீனா சொல்லால் தணித்து, நகரின் நிலத்தடியில் உறைவிடமும் வழிபாடும் அளிக்கிறாள். எஃபியால்டெஸின் சீர்திருத்தத்தால் அரியோபேகஸ் அவையின் அதிகாரம் குறைக்கப்பட்டு, கொலை வழக்குகள் அதற்குரியனவாக எஞ்சிய சில ஆண்டுகளுக்குள் இந்நாடகம் எழுந்தது. எனவே அவை என்பது பார்வையாளர்க்கு அன்றாட அரசியலாகவும் இருந்தது.

இவ்விரு வழக்குகளையும் அருகருகே வைக்கும்போது மூன்று வேறுபாடுகள் புலனாகின்றன.

முதலாவது, வழக்கின் தன்மை. ஒரெஸ்டஸ் தாயைக் கொன்றதை மறுப்பதில்லை. அங்கே செயல் ஒப்புக்கொள்ளப்பட்டது. அது குற்றமா என்னும் நெறியே வாதத்துக்குரியது. நீலியின் வழக்கில் நெறியில் ஐயமில்லை. கணவன் மனைவியைக் கைவிடலாகாது என்பதை வணிகன் உட்பட எவரும் மறுக்கவில்லை. அவள் அவன் மனைவியா என்னும் செய்தியே வாதத்துக்குரியது. இப்பிறப்பின் கணக்கில் வணிகன் சொல்வது உண்மை. நீலி சொல்வது பொய். முற்பிறப்பின் கணக்கில் அவனே கொலையாளி. உண்மை சொல்பவன் குற்றவாளியாகவும், பொய் சொல்பவள் தீங்குற்றவளாகவும் இருக்கும் ஒரு வழக்கை எந்த அவையால் தீர்க்க இயலும் என்பதே கதை முன்வைக்கும் வினா.

இரண்டாவது, முதற்கொலையின் இடம். எரினியர் குருதியுறவினரைக் கொன்றவரை மட்டுமே துரத்துவர். கணவனைக் கொன்ற கிளிதம்னெஸ்ட்ராவை அவர்கள் துரத்தாமைக்கு அதையே காரணமாகச் சொல்கின்றனர். அந்நெறிப்படி, நம்பி வந்த பெண்ணைக் கொன்ற அந்தணனும் அவர்களுக்கு இலக்காகான். மேலும், பலியிடப்பட்ட இபிஜீனியாவின் பெயர் அரியோபேகஸ் விசாரணையில் ஒலிப்பதேயில்லை. கொலைத்தொடரைத் தொடங்கிவைத்த சிறுமியின் சாவு தீர்ப்பின் கணக்கில் சேரவில்லை. நீலி கதையிலோ முதலில் கொலையுண்டவளே வழக்காடுபவளாக வந்து நிற்கிறாள். அவளுக்காக வாதிடத் தெய்வமில்லை. கள்ளியைத் தவிர வேறு சாட்சியுமில்லை.

மூன்றாவது, அவையின் பொறுப்பு. தீர்ப்பளித்தபின் அரியோபேகஸ் உறுப்பினர் எதையும் இழப்பதில்லை. எரினியர் ஏதென்சுக்கு விளைவிக்கக்கூடிய கேட்டை அதீனா தன் சொல்வன்மையால் விலக்கிவிடுகிறாள். பழையனூரில் அவையோர் அறியாது செய்த பிழைக்குத் தம் உயிரையே கொடுக்கின்றனர். தவறான தீர்ப்பின் விலையைத் தீர்ப்பளித்தவரே செலுத்த வேண்டும் என்னும் கடுமையான நெறி இங்குள்ளது. சில வடிவங்களில் நீலனின் சாவுக்கும் அவ்வூராரே காரணமாகின்றனர். அப்போது அவையோர் நடுவர் மட்டுமல்லர்; தாம் அறியாமலே வழக்கின் ஒரு தரப்பாகவும் இருக்கின்றனர். ஊரவையின் நடுநிலை குறித்த ஐயம் கதைக்குள்ளேயே பொதிந்துள்ளது என்பதற்கு இவ்வடிவங்கள் சான்று.

5. சான்றாக வரும் குழந்தை

இரு வழக்குகளிலும் முடிவைத் தீர்மானிக்கும் சான்று ஒரு குழந்தை என்பது தனியே கருதத்தக்கது. பெற்றவள் தாய் அல்லள், அவள் விதையைப் பேணும் நிலம் மட்டுமே. உண்மையில் பெற்றவன் தந்தையே என அப்பல்லோ வாதிடுகிறான். இதற்குச் சான்றாக அவன் காட்டுவது தாயின்றி ஜீயஸிடமிருந்து பிறந்த அதீனாவை. தலைமை தாங்கும் தெய்வமே சான்றுப் பொருளாகிறாள். தான் தாயற்றவள் என்பதையே காரணமாகச் சொல்லி ஒரெஸ்டஸுக்கு வாக்களிக்கிறாள்.

நீலியின் இடுப்பில் இருப்பதோ தந்தையற்ற குழந்தை. கள்ளிக்கொம்பிலிருந்து ஆக்கப்பட்ட அது அவையின் நடுவில் இறக்கிவிடப்பட்டதும் வணிகனிடம் சென்று அவனைத் தந்தை என அழைக்கிறது. அவை நம்பிவிடுகிறது. அதீனா தாயின் உரிமையை மறுப்பதற்குப் பயன்பட்ட சான்று. கள்ளிக்குழந்தை தந்தையின் கடமையை வலியுறுத்தப் பயன்பட்ட சான்று. இயல்பான பிறப்பு இரண்டுக்கும் இல்லை. ஆயினும் ஒன்று தெய்விகம் எனவும் மற்றொன்று மாயம் எனவும் அழைக்கப்படுகின்றன. இவ்வழைப்பு எதனால் வேறுபடுகிறது என வினவும் மாணவர், சான்று என்பது யார் கையில் உள்ளது என்பதைப் பொறுத்து மதிப்புப் பெறுவதை உணர்வார். கொல்லப்பட்டபோது சாட்சியாக்கப்பட்ட கள்ளியே பின்னர் குழந்தையாகி அவையேறுகிறது என்பதையும் கருதினால், நீலியின் பொய்ச்சான்றுக்குள் ஒரு மெய்ச்சாட்சி மறைந்திருப்பது புலனாகும்.

6. பெயரிடுதல்: நீலிக்கண்ணீரும் இசக்கியும்

பழிவாங்கும் ஆற்றலை ஒரு சமூகம் எப்பெயரால் அழைக்கிறது என்பதும் ஒப்பீட்டுக்குரியது. கிரேக்கர் அச்சந்தரும் பெண்தெய்வங்களைப் பெயர் சொல்லி அழைக்க அஞ்சி, ‘நல்லெண்ணம் உடையோர்’ எனப் பொருள்படும் யூமெனிடஸ் என்னும் பெயரால் குறித்தனர். மூன்றாம் நாடகத்தின் தலைப்பும் அதுவே.

தமிழில் இப்பெயரிடுதல் இருவழிப்படுகிறது. பொதுவழக்கில் ‘நீலிக்கண்ணீர்’ என்பது போலி அழுகையைக் குறிக்கும். கதையை அறியாத மாணவரும் இச்சொல்லை அறிவார். அவையில் அவள் வடித்த கண்ணீர் பொய் என்னும் தீர்ப்பை மொழி பதிவுசெய்துகொண்டது; காட்டில் அவள் சிந்திய கண்ணீரைப் பதிவுசெய்யவில்லை. நாஞ்சில் நாட்டிலோ அதே உரு ‘இசக்கி’ எனத் தாயாக அழைக்கப்படுகிறது. இசக்கிமுத்து, இசக்கியம்மாள் என மக்களுக்கும் அப்பெயர் இடப்படுகிறது. இயக்கி, யட்சி என்னும் சொற்களோடு தொடர்புடைய இப்பெயர் இப்பகுதியின் சமண மரபையும் நினைவூட்டும். சிதறால் மலையில் அம்பிகை இயக்கியின் சிற்பம் இன்றும் உள்ளது. கணவனால் விரட்டப்பட்டுக் குழந்தைகளோடு வெளியேறியவள் இயக்கியானாள் என்பதே அவளைப் பற்றிய சமணக் கதையும். நீலி எனப் பழித்தும் இசக்கி எனப் போற்றியும் ஒரே துயருக்கு இரு பெயர்கள் வழங்குகின்றன.

ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான நீலகேசி, பழையனூர் நீலியைச் சமண முனிவரால் தெளிவு பெற்று வாதில் வெல்பவளாக மாற்றியது. எரினியர் சொல்லால் தணிக்கப்பட்டு நகரின் காவலராயினர். நீலி சொல்லால் தெளிந்து தானே சொல்வல்லாள் ஆனாள். மறுகூறல் என்பது கதையைக் குறைப்பதாக மட்டுமே இருக்க வேண்டியதில்லை என்பதற்கு நீலகேசி பழைய முன்மாதிரி.

7. தற்கால மறுகூறல்கள்

ரிக் ரியோர்டனின் ‘மின்னல் திருடன்’ (2005) கிரேக்கத் தொன்மங்களை இன்றைய அமெரிக்கப் பள்ளிச் சூழலுக்குக் கொண்டுவந்தது. அதில் எரினியருள் ஒருத்தி கணித ஆசிரியையாக வந்து, வெளிப்பட்டதும் சிறுவன் பெர்சியின் வாளால் தூளாகிறாள். பழியின் காரணமோ வழக்கோ அவளுக்கு இல்லை. அவள் வெல்லப்பட வேண்டிய அரக்கி மட்டுமே. ஹாதார்ன், கிங்ஸ்லி ஆகியோர் விட்டுவிட்ட எரினியரை ரியோர்டன் சேர்த்துக்கொண்டார். ஆனால் அவர்கள் வகுத்த அரக்கன்–வீரன் சட்டத்துக்குள்ளேயே சேர்த்தார்.

1956 நவம்பர் 1இல் தமிழ்நாட்டோடு இணையும் முன் திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த கன்னியாகுமரியின் கதைகள் மலையாள மரபிலும் தொடர்ந்தன. அங்கு நீலி, கடமற்றத்துக் கத்தனாரால் அடக்கப்பட்ட யட்சியாகப் பேசப்படுகிறாள். 2025இல் வெளிவந்த ‘லோகா: அத்தியாயம் ஒன்று – சந்திரா’ என்னும் மலையாளத் திரைப்படம் கள்ளியங்காட்டு நீலியை இக்காலப் பெருநகரில் வாழும் அதிமனித நாயகியாக மறுபடைப்புச் செய்தது. பேயாக அஞ்சப்பட்டவளைக் காப்பவளாகக் காட்டியதில் படத்துக்குப் பெருமதிப்பு உண்டு. ஆயினும் இங்கும் அவை இல்லை. அவளுடைய சொல்லைக் கேட்டு, எடைபோட்டு, தவறி, அதற்குப் பொறுப்பேற்கும் ஊரார் இல்லை. அமெரிக்கச் சிறுவர் நூலில் பழிவாங்கும் பெண் வீழ்த்தப்படுகிறாள். மலையாளத் திரையில் கொண்டாடப்படுகிறாள். முடிவுகள் எதிரெதிரானவை, இழப்பு ஒன்றே. நீதி என்பது தனியாளின் ஆற்றலாகச் சுருங்கி, கூடிப் பேசித் தீர்மானிக்கும் கடமை மறைந்துவிடுகிறது.

8. வகுப்பறைக்கான முறை

கொலையும் வஞ்சமும் நிறைந்த கதையை இளையோர்க்குச் சொல்லலாமா என்னும் தயக்கம் இயல்பானது. கொடை விழாவில் இக்கதையைக் கேட்கும் சிறுவர்க்குப் பாட்டின் நீளம், உற்றார் சூழல், வழிபாட்டின் நிறைவு ஆகியவை அச்சத்தைத் தாங்கும் அரணாகின்றன. வகுப்பறையில் அவ்வரண் இல்லை. அதற்கு ஈடாக வகுப்பறை தரக்கூடியது விவாதம். அகவே, கொலைக்காட்சியைச் சுருக்கி அவைக்காட்சியை விரிப்பது பொருத்தமானது. இப்போதைய சுருக்கங்கள் இதற்கு நேர்மாறாக, அவையை விட்டுவிட்டு அச்சத்தை வைத்துக்கொள்கின்றன.

மாணவரை இரு அவைகளாக அமர்த்தி மூன்று வினாக்களை முன்வைக்கலாம்: எந்தச் சான்றை ஏற்பீர், ஏன்? யாருடைய சாவு இவ்வழக்கில் பேசப்படவில்லை? தீர்ப்புத் தவறினால் யார் என்ன கொடுக்க வேண்டும்? முதல் வினா கள்ளிக்குழந்தையையும் அதீனாவையும், இரண்டாம் வினா இபிஜீனியாவையும், மூன்றாம் வினா பழையனூர் எழுபதின்மரையும் வகுப்புக்குள் கொண்டுவரும். தாசிகுலப் பெண் என்பதாலேயே முதற்கொலை விசாரிக்கப்படாமல் போனதா என்னும் வினாவும் மேல்வகுப்புகளில் எழக்கூடும். அதனைத் தவிர்க்க வேண்டியதில்லை. கதையே அதைக் கேட்கத்தான் இரு பிறப்புகள் எடுக்கிறது.

இம்முறையில் கிரேக்கம் உயர்ந்த அளவுகோலாகவும் நாஞ்சில் நாட்டுக் கதை அதற்கான உள்ளூர் எடுத்துக்காட்டாகவும் அமைவதில்லை. அரியோபேகஸ் விட்டுவைத்த வினாவை நீலி கதையும், ஊரவை தீர்க்க இயலாத முரணை ஒரெஸ்டியாவும் ஒன்றையொன்று வெளிச்சமிட்டுக் காட்டுகின்றன.

9. முடிவுரை

பாத்திர ஒப்புமையை அடிப்படையாகக் கொண்ட தொன்ம ஒப்பீடு இளம் மாணவர்க்குப் பெயர்ப்பட்டியலைத் தருமேயன்றிச் சிந்தனையைத் தருவதில்லை. அவை என்னும் அமைப்பை ஒப்பீட்டின் மையமாக்கும்போது, செயல் ஒப்புக்கொள்ளப்பட்டு நெறி வாதிக்கப்படும் கிரேக்க வழக்குக்கும், நெறி ஒப்புக்கொள்ளப்பட்டுச் செய்தி வாதிக்கப்படும் நாஞ்சில் நாட்டு வழக்குக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகிறது. பிழைத்த அவை தன் பிழையைத் தானே சுமக்க வேண்டும் என்பது நீலி கதையின் தனித்த பங்களிப்பு. நீலியைப் பேயாக்கும் சுருக்கமும் அதிமனித நாயகியாக்கும் மறுபடைப்பும் இப்பங்களிப்பை ஒருசேர மறைக்கின்றன. நாஞ்சில் நாட்டின் பிற கொலைத்தெய்வக் கதைகளிலும் ஊரவை பெறும் இடத்தை ஆராய்வது இவ்வொப்பீட்டை மேலும் விரிவாக்கும். ‘நீலிக்கண்ணீர்’ என்னும் சொல்லை எளிதாகப் பயன்படுத்தும் ஒரு தலைமுறை, அக்கண்ணீரை விசாரித்த அவை என்னவாயிற்று என்பதையும் சேர்த்துக் கற்பது இன்றியமையாதது.